சமைத்துப் பார்

புதிதாகத் தனிக்குடித்தனம் போகிறவருக்கு ‘உப்பு தேவையான அளவு’ என்று சொன்னால் என்ன புரியும்? இதை நன்றாக உணர்ந்தவர் எஸ். மீனாட்சி அம்மாள். சமையல் பக்குவம் கேட்டு உறவினர் வீடுகளிலிருந்து அவருக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிடலாமே என்று யோசனை சொன்னார் உறவினரான வழக்கறிஞர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். 1951இல் வெளிவந்தது ‘சமைத்துப் பார்’ முதல் பாகம். குழம்பு, ரசம், ஊறுகாய், பட்சணம் என்று எதுவானாலும் சாமான்களின் அளவோடு பக்கத்தில் நின்று சொல்லித்தருவதுபோல் நிதானமாக எழுதியிருக்கிறார். கல்யாணப் பெண்ணுக்குப் பரிசாகக் கொடுக்க இதைவிட உருப்படியான புத்தகம் கிடையாது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பிரதி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாட்டி ஓரத்தில் எழுதிவைத்த அளவுகளும் அதில் இருக்கலாம்.