ஒரு கடற்கரையில் இரு வல்லரசுகள்

இரண்டாம் உலகப்போர் 1945ஆம் ஆண்டு முடிவுற்றது. அப்போரில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஒரே அணியில் நின்றன. போருக்குப் பின்னரோ, அவை ஒன்றையொன்று ஐயுறத் தொடங்கின. அமெரிக்கா முதலாளித்துவ நாடு. அங்குத் தொழில்கள் பெரும்பாலும் தனியாரிடம் இருந்தன. சோவியத் ஒன்றியம் பொதுவுடைமை நாடு. அங்கு நிலமும் தொழிற்சாலைகளும் அரசின் உடைமைகளாக இருந்தன. தத்தம் முறையே உலகிற்கு ஏற்றது என இரண்டும் கருதின. அவை வெளிப்படையாக நேருக்கு நேர் போரிடவில்லை. ஆயினும் அணுகுண்டுகளைக் குவித்தன. பிற நாடுகளைத் தம் பக்கம் ஈர்க்க முயன்றன. இப்பகைமையே ‘பனிப்போர்’ எனப்படுகிறது.

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ‘ஸ்புட்னிக்’ என்னும் முதல் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. செயற்கைக்கோளைச் சுமக்கும் ராக்கெட்டால் அணுகுண்டையும் சுமக்க இயலும். ஆதலால் உலகம் வியந்தது, அஞ்சவும் செய்தது. 1962இல் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்பட்டபோது, அணுப்போர் மூளுமோ என அனைவரும் கலங்கினர்.

இந்தியா எந்த அணியிலும் சேரவில்லை. இதனை ‘அணிசேராக் கொள்கை’ என்பர். அதன் பயனைக் கேரளக் கடற்கரையிலேயே காணலாம்.

சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி பகுதி மாணவர்களுக்கு மீனவர் வாழ்க்கை புதியதன்று. கொச்சிக்குத் தெற்கே, திருவனந்தபுரத்தை அடுத்துள்ள தும்பாவும் மீனவர் ஊரே. புவியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால், மேல்வளிமண்டலத்தை ஆராய அவ்விடம் ஏற்றது என விக்ரம் சாராபாய் கண்டார். அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயமும் மீனவர் குடியிருப்புகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவின் வேண்டுகோளை ஏற்று, மக்கள் தம் வழிபாட்டிடத்தையும் வீடுகளையும் விட்டு வேறிடம் பெயர்ந்தனர். தேவாலயம் அறிவியலாளரின் பணிமனையாயிற்று.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் புறப்பட்டது. ‘நைக்–அப்பாச்சி’ என்னும் அந்த ராக்கெட் அமெரிக்கா வழங்கியது. அதன் முதற்கட்டப் பொறி, விமானங்களைத் தாக்கும் ஏவுகணைக்காக முதலில் உருவாக்கப்பட்டதாகும். அது சுமந்து சென்ற சோடியம் ஆவிக் கருவி பிரான்சு நாட்டினுடையது. சோவியத் ஒன்றியம் ஹெலிகாப்டரையும் ‘மின்ஸ்க்’ கணினியையும் தும்பா நிலையத்திற்கு உதவியது. இராமேசுவரத்தில் பிறந்து, அமெரிக்காவின் நாசாவில் பயிற்சி பெற்றுத் திரும்பிய அப்துல் கலாமும் அப்பணியில் ஈடுபட்டிருந்தார். அந்தி வானில் பரவிய சோடியம் ஆவி செம்மஞ்சள் நிற மேகமாய் ஒளிர்ந்தது. அது நகர்ந்த விதத்தைக் கொண்டு, மிக உயரத்தில் வீசும் காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டனர்.

கியூபா நெருக்கடி முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. ஒன்றையொன்று அழிக்கவல்ல இரு நாடுகளும் ஒரே கடற்கரையில் அறிவியலுக்குத் துணைநின்றன. 1968இல் தும்பா நிலையம் ஐக்கிய நாடுகள் அவைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, பனிப்போரும் மறைந்தது. தும்பா தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகமாக விளங்குகிறது. போருக்கென ஆக்கிய பொறியும் நற்பணிக்கு உதவும் என்பதற்கு அது சான்று. அச்சான்றின் பின்னே, தம் வீடுகளை விட்டுக்கொடுத்த மீனவர்களின் ஈகையும் உள்ளது.

சொற்பொருள்
ஐயுறுதல் – சந்தேகம் கொள்ளுதல்
அந்தி – மாலைப்பொழுது
ஈகை – கொடை

வினாக்கள்
1. பனிப்போர் என்பது யாது?
2. தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டது ஏன்?
3. தும்பா மக்கள் இழந்தவை எவை? அவ்விழப்பைப் பற்றி உம் கருத்தை ஐந்து வரிகளில் எழுதுக.