ஒளியும் திரையும் கூடும் கணம்

துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வடசென்னை உழைப்பாளர் வாழும் நிலமாகும். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதி மக்கள் கடவுச்சீட்டுக்கும் கப்பற்பணிச் சான்றேட்டிற்கும் படம் எடுத்துக்கொள்ளச் சிறிய புகைப்பட நிலையங்களையே நாடிவந்தனர். கடல்கடந்து செல்லும் தந்தை, புறப்படுமுன் குடும்பத்தோடு அமர்ந்து எடுத்துக்கொண்ட படத்தைப் பல இல்லங்களில் இன்றும் காணலாம். படச்சுருளில் பதிந்ததை எடுத்தவுடன் பார்க்க இயலாது. கழுவிய பின்னரே பிழை புலனாகும். அதற்குள் தந்தை கப்பலேறியிருப்பார். ஆதலின், கேமராவையும் பிளாஷ் விளக்கையும் பிழையின்றி இணைக்கும் முறையை அறிவது இன்றியமையாததாகிறது.

உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் இன்று இயங்கவில்லை. எனினும் படச்சுருள் மறையவில்லை. இளைஞர் சிலர் அதனை மீண்டும் விரும்பிக் கையாள்கின்றனர். அவர்கட்கும் இக்கட்டுரை பயன்படும்.

இணைப்பு என்பது யாது?

நிலையங்களில் பயன்படும் மின்னணு பிளாஷின் ஒளி, பெரும்பாலும் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிக்கும். கேமராவின் ஷட்டர் முழுதும் திறந்திருக்கும் நேரத்தில் அவ்வொளி வந்து சேர வேண்டும். அதற்கான குறிப்பைக் கேமராவிலிருந்து விளக்கிற்குக் கொண்டுசெல்வதே சிங்க் கம்பி. அதன் ஒரு முனையைக் கேமராவிலுள்ள 'பி.சி.' எனும் சிறு வட்டத் துளையிலும், மறுமுனையை விளக்கிலும் செருகுதல் வேண்டும். பி.சி. துளை இல்லாத கேமராவிற்கு, மேலுள்ள 'ஹாட் ஷூ'வில் பொருந்தும் மாற்றி கடைகளில் கிடைக்கிறது. விளக்குகள் பலவாயினும் ஒன்றை மட்டும் கம்பியால் இணைத்தாற் போதும்; ஒளியுணரி பொருத்திய ஏனையவை, முதல் விளக்கின் ஒளியைக் கண்டு தாமே ஒளிரும்.

வேகமும் குறியும்

யாஷிகா மேட் 124ஜி போன்ற கேமராக்களில் ஷட்டர், லென்சினுள் இதழ்களாக விரிவது. அதில் 1/500 நொடி வரை எவ்வேகத்திலும் பிளாஷ் பொருந்தும். பென்டாக்ஸ் கே1000 போன்றவற்றில் படச்சுருளின் முன்னே இரு திரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்கின்றன. அதில் 1/60 அல்லது அதனினும் மெதுவான வேகமே ஏற்றது. வேகம் கூடினால், முதல் திரை விலகி முடியுமுன் இரண்டாவது மூடத் தொடங்கும்; படத்தின் ஒரு பகுதி இருண்டுவிடும்.

பழைய கேமராக்கள் சிலவற்றில் 'எக்ஸ்', 'எம்' என இரு குறிகள் உள. 'எம்' என்பது பழங்காலப் பல்புகளுக்கு உரியது. பல்பு முழு ஒளி பெற ஏறத்தாழ 1/50 நொடி ஆகுமாதலின், அக்குறியில் வைத்தால் ஷட்டர் திறக்குமுன்னரே மின்தொடர்பு ஏற்பட்டுவிடும். மின்னணு பிளாஷை அவ்வாறு இணைத்தால், விளக்கு ஒளிர்வதைக் கண்ணாற் காண்போம். சுருளிலோ ஒன்றும் பதியாது. ஆகவே 'எக்ஸ்' குறியையே கொள்ளல் வேண்டும்.

காப்பும் சோதனையும்

கடலோரத்தின் உப்புக்காற்றால் பித்தளைத் தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறுவதுண்டு. விளக்கு ஒருமுறை ஒளிர்ந்து மறுமுறை ஒளிராவிடின், முனைகளை முதலில் துடைத்துப் பார்க்கலாம். விளக்கின் உட்பகுதியைத் திறத்தல் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் மின்தேக்கியில் ஆபத்தான அழுத்தம் தங்கியிருக்கும். பழைய விளக்குகள் சில, இணைப்புக் கம்பியிலும் மிகை அழுத்தம் செலுத்துவன. அவற்றை மின்னணு கேமராவோடு நேரே இணைக்காமல், வானொலி அலையால் இயங்கும் தூண்டியைப் பயன்படுத்துவதே நன்று.

சுருளை ஏற்றுமுன் எளிய சோதனையொன்று செய்யலாம். கேமராவின் பின்மூடியைத் திறந்து, லென்சின் துளையை முழுதும் விரித்து, வெண்சுவரை நோக்கி வைத்துப் பின்புறமிருந்து பார்த்தவாறே ஷட்டரை இயக்குக. விளக்கொளி சுவரில் விழட்டும்; கண்ணில் நேரே படலாகாது. சட்டம் முழுதும் ஒளி தெரிந்தால் இணைப்புச் செம்மையானது. பாதி தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒன்றும் தெரியாவிடின் குறியையும் கம்பியையும் ஆராய வேண்டும்.

இச்சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். கப்பலேறப் போகிறவருக்கோ, மறுமுறை வந்து அமர நேரம் வாய்ப்பதரிது. அவர் முன் கேமராவை நிறுத்துவதற்கு முன்பே சோதனையை முடித்திருத்தல் தொழிலறமாகும் என்பதை மாணவர் மனங்கொள்வாராக.