தெயிர் எல் பகரிக் கோயிலும் பெண்பால் விகுதியும்

எகிப்து நாட்டில் நைல் ஆற்றின் மேல்கரையில், பண்டைத் தீபுசு நகருக்கு எதிரே, செங்குத்தான பாறையின் அடியில் மூன்று தளமாக அமைந்தது தெயிர் எல் பகரிக் கோயில். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் முடிபுனைந்து ஆண்ட அட்செப்சுட் என்னும் அரசி எடுப்பித்தது அது.

இதனை அரசர்க்குரிய நீத்தார் கோயில் என்பர். சோழர் கல்வெட்டுகளிற் காணும் பள்ளிப்படை என்னும் சொல்லை இதற்கு ஆளலாமோ எனின், பொருந்தாது என்பதே எம் கருத்து. பள்ளிப்படை மன்னனை அடக்கிய இடத்தின்மேல் எழுவது. ஈண்டோ உடல் இல்லை; அரசியின் கல்லறை பாறைக்கு அப்பால், அரசர் பள்ளத்தாக்கில் உள்ளது. கோயிலின் கருவறை அமுன் என்னும் கடவுளுக்கு உரியது. ஆண்டுதோறும் நிகழ்ந்த பள்ளத்தாக்குத் திருவிழாவில் அமுனின் திருவுருவம் கர்நாக்கிலிருந்து ஆறு கடந்து இவண் எழுந்தருளும். அரசிக்கும் அவள் தந்தைக்கும் படையல் நிகழும். இத்தகைய கோயில்களை எகிப்தியர் 'பன்னூறாயிரம் ஆண்டுகளின் இல்லம்' என்றனர். அத்துணைக் காலமும் நிற்றற்குரிய பெயரே இங்கு உளிக்கு இரையாயிற்று.

அட்செப்சுட் முதலாம் துட்மோசின் மகள். இரண்டாம் துட்மோசின் மனைவி. கணவன் இறந்தபின், இளைஞனாகிய மூன்றாம் துட்மோசின் பொருட்டு ஆட்சியை நடத்தியவள், சில ஆண்டுகளில் தானே வேந்தாயினாள். சிற்பங்களில் ஆணுடையும் ஒட்டுத் தாடியும் பூண்டு நிற்கிறாள். அவள் மறைந்தபின் பல இடங்களில் அவள் பெயர் செதுக்கி நீக்கப்பட்டு, முதலாம் அல்லது இரண்டாம் துட்மோசின் பெயர் பொறிக்கப்பட்டது.

1829இல் இக்கோயிலைக் கண்ட சாம்போலியன் பெரிதும் வியப்புற்றார். எகிப்திய எழுத்தின் மறைபொருளை வெளிப்படுத்தியவர் அவரே. உருவம் தாடியுடைய வேந்தனது. அதனைச் சுட்டும் பெயரும் வினையுமோ பெண்பால். எகிப்திய மொழியில் 'ஸா' என்பது மகன். 'ஸாத்' என்பது மகள். இடையே உள்ள வேறுபாடு அப்பம் போன்ற ஒரு சிறு குறியே. விகுதி மாறப் பால் மாறும் என்பது தமிழ் பயின்றார்க்குப் புதிதன்று. பெயரை அழித்த உளியாளர் அச்சிறு குறியைப் பலவிடத்தும் விட்டுச் சென்றனர். ஆயினும் சாம்போலியன் விகுதியை முற்றும் நம்பினாரல்லர். அரசி ஒருத்தி இருந்தாள் எனவும், தாடியுடையவன் அவள் பெயரால் ஆண்ட கணவன் எனவும் கொண்டார். இல்லாத வேந்தன் ஒருவன் இவ்வாறு வரலாற்றில் புகுந்தான். ஓவியத்தினும் இலக்கணமே அங்கு மெய்ச்சான்று.

அழித்தது ஏன்? இக்கோயிலின் அருகே உடைந்த சிலைகளை 1920களில் அகழ்ந்தெடுத்த வின்லாக்கு, மூன்றாம் துட்மோசின் நெடுநாட் பகையே காரணம் என்றார். கதைக்கு இனிய விடை, காலத்துக்கு ஒவ்வாது. அழிப்பு அவ்வேந்தனின் 42ஆம் ஆட்சியாண்டுக்கு முன்னர் நிகழவில்லை என 1966இல் நிம்சு காட்டினார். அரசி மறைந்து இருபது ஆண்டு கடந்த பின்னரே பகை மூண்டது என்பது ஏற்புடைத்தன்று. தன் மகனின் அரசுரிமையை ஐயமற நிறுத்தும் நோக்கமே காரணமாதல் கூடும் என்பாரையே யாம் தழுவுகிறோம். சிலைகள் கழுத்து, இடை, முழங்கால் ஆகிய இடங்களில் உடைந்திருத்தலும் வெகுளியின் விளைவன்று, பிற அரசர் சிலைகளுக்கும் செய்யப்பட்ட ஒரு சடங்கு என 2025இல் வெளிவந்த ஆய்வொன்று கூறுகிறது.

அச்சுவர்களில் மற்றோர் அழிப்பும் உண்டு. ஒரு நூற்றாண்டின் பின் அகெனாத்தன் காலத்தில் அமுனின் பெயரும் உருவும் நீக்கப்பட்டுப் பின்னர் மீள எழுதப்பெற்றன. எனவே வெட்டுண்ட இடமெல்லாம் அரசிக்கு உரியது எனல் பிழை. ஆண்வேந்தன் ஒருவனின் பெயருக்கு அடுத்துப் 'மகள்' என்றோ 'அவள்' என்றோ வருமிடத்து, அதனை எழுதியவனின் தவறு என்று திருத்தாமல், பெயரையே முதலில் ஐயுறல் வேண்டும்.