வெறுங் கோப்புறையும் எழுத்து வரிசையும்

கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாட் காலையில் தரவுத்தள வழங்கி எழும்பாது கிடத்தல் இக்காலத்துப் பலரும் கண்ட நிகழ்ச்சியே. நூலகத்தின் நூற்பட்டியும், மாணாக்கர் பெயரேடும், மருத்துவமனைக் குறிப்புகளும் இன்று தரவுத்தளங்களிலேயே வைக்கப்பெறுகின்றன. வேண்டுவார்க்கு வேண்டியதனை அவற்றினின்றும் எடுத்தளிக்கும் நிரலையே வழங்கி என்கின்றோம். அது நின்றால் அலுவல் முழுதும் நின்றுவிடும். அப்போது எவர் மனத்தும் முதற்கண் எழும் ஐயம், எழுதி வைத்தன யாவும் அழிந்தனவோ என்பதே. பெரும்பாலும் அழிந்திரா. வழங்கி எழும்ப மறுப்பது தரவைக் காத்தற்பொருட்டாதலும் உண்டு. எழும்பி நின்று பிழைபட விடையிறுக்கும் வழங்கியே மெய்யாக அஞ்சத்தக்கது. இதனைப் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தின் வரலாற்றினின்றும் எடுத்துக் காட்டுவாம். அஃது அமெரிக்காவில் பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 1986 இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் என்பார் தலைமையில் தொடங்கப்பெற்றது. 1996 முதல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்னும் பெயருடன் எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கி வருகின்றது.

2014 அக்டோபர்த் திங்களில் ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணிப்பொறிகளுக்கு யோசெமிட்டி என்னும் புதிய இயங்குதளத்தை வெளியிட்டது. அதனை ஏற்ற பலருடைய பொறிகளில் போஸ்ட்கிரெஸ் எழும்பவில்லை. திரையில் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. வழங்கி தன் செயல்களை எழுதிவைக்கும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோர்க்கே, இன்ன கோப்புறையைக் காணோம் என்னும் ஒற்றை வரி கிடைத்தது. நிகழ்ந்தது யாதெனின், புதுப்பிக்குங்கால் பழைய கோப்புகள் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குப் பெயர்க்கப்பட்டு மீண்டபோது, உள்ளீடு இல்லாத கோப்புறைகள் மட்டும் விடுபட்டுப் போயின. தரவைத் தாங்கிய கோப்புகள் ஒன்றும் குறையாது இருந்தன, வெறுமையே தொலைந்தது!

தொலைந்த கோப்புறைகளுள் ஒன்று, வேறு வட்டுகளில் வைக்கப்பட்ட அட்டவணைகளுக்கு வழிகாட்டுவது. மற்றொன்று, இசைவு பெற்றும் முற்றுப்பெறாத கொடுக்கல் வாங்கல்களைக் குறித்து வைப்பது. பிறிதொன்று, அவ்வப்போதைக் கணக்குகளைத் தற்காலிகமாக இடுவது. சிறு அளவில் பயன்கொள்வார்க்கு இவை வெறிதாய்க் கிடத்தலே இயல்பு. செஞ்சிக் கோட்டையில் இராஜகிரி அடிவாரத்து நெற்களஞ்சியத்தைக் கண்டோர், அறுவடைக்கு முன் அது வெறிதாய் நின்ற நாட்களையும் எண்ணிப் பார்க்கலாம். வெறிதென்று அதனை அன்று இடித்திருந்தால் விளைந்த நெல்லை எங்கே கொட்டுவது? எலிசா தீர்க்கதரிசியின் சொற்படி அயலாரிடம் வெறும் பாத்திரங்களை இரந்து பெற்ற விதவைக்கும், பாத்திரம் தீர்ந்த அளவிலேயே எண்ணெயும் நின்றது.

இதற்குத் தீர்வு மிக எளிது. தொலைந்த கோப்புறைகளை அதே பெயரில் படைத்து, உரியவர்க்கன்றிப் பிறர்க்குத் திறவாதபடி உரிமை வகுத்தால் வழங்கி எழும்பிவிடும். இஃதறியாது தரவுக் கோப்புறை முழுவதையும் நீக்கிப் புதிதாகத் தொடங்குவார் நிலையே இரங்கத்தக்கது. பொறி அழியாது காத்ததனை அவர் தம் கையாலேயே அழித்தவராவர். வழங்கி தானே அக்கோப்புறைகளைப் படைத்துக்கொள்ளலாகாதோ எனின், ஆகாது என்பதே எம் கருத்து. வேறு வட்டிற்கு வழிகாட்டி நின்ற கோப்புறை தொலைந்தவிடத்து, வெறுங் கோப்புறை ஒன்றை அமைத்துக்கொண்டு ஒன்றும் அறியாததுபோல் எழும்பினால், அவ்வட்டிலுள்ள அட்டவணைகள் இல்லாதனவாகவே தோன்றுமன்றோ?

வழங்கி எழும்பாமைக்குப் பதிப்பு மாற்றமும் ஒரு காரணம். டெபியன் என்னும் இயங்குதளத்தின் 11 ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் 13 உம், 2023 இல் வந்த 12 ஆம் பதிப்பில் போஸ்ட்கிரெஸ் 15 உம் அமைந்தன. பழையதன் தரவைப் புதியது திறவாது. சீயமங்கலத்துக் குடைவரையில் மகேந்திரவர்மப் பல்லவன் பொறித்த கல்வெட்டு வடமொழியில் கிரந்த எழுத்தால் ஆயது. தமிழெழுத்து மட்டும் கற்றான் அதன்முன் நின்றால் ஒன்றும் விளங்காது. அது கல்லின் குற்றமன்று. பழைய பதிப்பையும் உடன் வைத்திருந்து, அதற்கெனவுள்ள கருவியால் தரவைப் புதிய வடிவிற்கு மாற்றிக்கொள்ளல் வேண்டும். இம்மட்டோடு இதனை விடுவாம்.

இதுகாறும் கூறியன வெளிப்படையான தடைகள். இனிக் கூறுவது கரவானது. 2018 ஆகஸ்டில் லினக்ஸ் இயங்குதளங்களுக்கு அடிப்படையான ஜீலிப்சி என்னும் நிரற்றொகுதியின் 2.28 ஆம் பதிப்பு வெளிவந்தது. சொற்களை வரிசைப்படுத்தும் விதிகள் அதில் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டன. காட்டாக, அமெரிக்க ஆங்கிலத்திற்குரிய வரிசையில் '11' என்பதன் பின் நின்ற '1-1' என்பது, அதன்முன் வந்து நின்றது. இஃதோர் அற்பம் எனத் தோன்றலாம். ஆயின் தரவுத்தளத்தின் சுட்டி அகராதி போல்வது. அகராதியில் ஒரு சொல்லைத் தேடுவோன் நடுவே திறந்து, அது முன்னோ பின்னோ எனத் துணிந்து, மற்றைப் பாதியைக் கைவிடுகின்றான். ஏடு பழைய வரிசையில் கிடக்க, தேடுவோன் புதிய வரிசையைக் கற்று வந்தால், சொல் இருக்கும் பாதியையே கைவிட்டு, 'இல்லை' என்று கூறுவான். பெயரேட்டில் உள்ள மாணாக்கனை இல்லையென்று கூறி, அவன் பெயரையே இரண்டாம் முறை பதிய இடங்கொடுக்கும் வழங்கி அத்தகையது. அஃது எழும்பும்; முறையிடாது; பொய்யுரைக்கும்.

தமிழ் கற்பார்க்கு இதில் தனிக் கருத்து உண்டு. னகரமே ஈற்றெழுத்து என்பது தொல்காப்பியர் கொள்கை. அம்முறைப்படி மதி, மயில், மரம், மலை, மறம், மனம் என வரிசை அமையும். யூனிக்கோடு எண்முறையிலோ னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. எண்முறையே வரிசையெனக் கொண்டால் மதி, மனம், மயில், மரம், மறம், மலை என ஆகும். எண்முறை ஒருநாளும் மாறாதாகலின் சுட்டி பிழைபடாது. ஆனால் நூற்பட்டி தமிழ் முறைக்கு மாறாக நிற்கும். தமிழ் முறையைக் கொண்டால் பட்டி செவ்விதாகும். அவ்விதியைத் தரும் நிரற்றொகுதி மாறுந்தோறும் சுட்டியை மீள அமைத்தல் வேண்டும்.

2022 இல் வெளிவந்த போஸ்ட்கிரெஸ் 15, தரவுத்தளம் அமைந்த நாளில் இருந்த வரிசைவிதியின் பதிப்பெண்ணைக் குறித்துவைத்து, அது மாறியிருப்பின் எச்சரிக்கின்றது, தடுப்பதில்லை. எனவே இயங்குதளத்தைப் புதுப்பித்தார், வழங்கி இனிதே எழும்பிய பின்னரும் குறிப்பேட்டை ஒருமுறை நோக்கி, எழுத்துச் சுட்டிகளை மீள அமைத்தல் நன்று. இரண்டும் வேண்டுவார், சேமிக்குங்கால் எண்முறையைக் கொண்டு, பட்டியைப் படிப்போர்க்குக் காட்டுங்கால் மட்டும் தமிழ் வரிசையைக் கேட்டுப் பெறலாம். போஸ்ட்கிரெஸ் அதற்கும் இடந்தருகின்றது.