480 நாள் என்னும் எல்லைக்கோடு

சென்னைக்கு மேற்கே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார், கைப்பேசி, உதிரிபாகம் செய்யும் ஆலைகளில் ஐ.டி.ஐ.யோ டிப்ளமோவோ முடித்த இளைஞர்கள் திரளாக வேலை பார்க்கின்றனர். ஒரே உற்பத்தி வரிசையில் அருகருகே நின்று ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகவும், மற்றவர் ‘டிரெய்னி’ அல்லது ‘கான்ட்ராக்ட்’ என்ற பெயரிலும் இருப்பது அங்கு வழக்கமாகிவிட்டது. சில ஆலைகளில் சீருடையின் நிறமே அந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குவதற்காகத் தமிழ்நாடு 1981இல் இயற்றிய சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பாக வகுக்கப்பட்ட இந்த எண்ணே, அதை எட்டவிடாமல் தடுப்பதற்கான எல்லைக்கோடாகவும் பயன்பட்டுவருகிறது. கணக்கு நிறைவதற்கு முன்பே ஒருவரை வெளியே அனுப்பிச் சில நாள் கழித்துப் புதிய ஆணையின் பேரிலோ வேறொரு ஒப்பந்ததாரரின் பெயரிலோ திரும்ப எடுத்துக்கொள்ளும் முறைக்கு ஆலை வழக்கில் ‘பிரேக்’ என்று பெயர்.

இன்னொரு வழி, பயிற்சி என்ற பெயர். 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, பழகுநர் (ஆலையில் வேலை கற்றுக்கொள்ள ஒப்பந்தம் செய்துகொண்டவர்) பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர்; அவருக்குக் கிடைப்பது ஊதியம் அன்று, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அவருக்கு வேலை கொடுத்தாக வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. நுட்பமான இயந்திரப் பணிகளைக் கற்க நெடுங்காலம் தேவைப்படும் என்பது உண்மையே; ஆனால் ஒரு வாரத்தில் கைவந்துவிடும் திருகாணி முடுக்கும் வேலைக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்குத்தான் பதில் இல்லை.

இதன் விளைவு சம்பளக் குறைவோடு முடிவதில்லை. மூன்று ஆலைகளில் வேலை செய்தவரும் நான்காவது ஆலையில் முதல் நாள் ஆளாகவே சேர்க்கப்படுவதால், அனுபவம் கூடினாலும் பணிமூப்பு கூடுவதில்லை. வெளியூரிலிருந்து வந்து ஒப்பந்ததாரர் அமர்த்திய விடுதியில் தங்கும் பெண்களுக்கோ, வேலை போனால் படுக்கும் இடமும் சேர்ந்தே போகிறது. விடுதி உணவால் சக தொழிலாளர்கள் நோயுற்றதை எதிர்த்து, 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் அருகே பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் அந்த வாழ்க்கை வெளியுலகின் கண்ணில் பட்டது.

ஆண்டு முழுதும் ஓடும் உற்பத்தி வரிசைக்கு ஆண்டு முழுதும் ஆள் தேவை. அவ்வேலையைத் தற்காலிகம் என்பது உற்பத்தியின் இயல்பால் வந்ததன்று, கணக்கேட்டில் செய்துகொண்ட ஏற்பாடு. அதை ஆய்ந்து திருத்த வேண்டியது தொழிலாளர் துறையின் கடமை. ஆயினும் வழக்கு என்று வரும்போது, பணிபுரிந்த நாட்களை மெய்ப்பிக்கும் பொறுப்பு பெரும்பாலும் தொழிலாளியின் தலையிலேயே விழுவதால், பணி ஆணை, சம்பளச் சீட்டு, பி.எஃப். கணக்கு விவரம், காலாவதியான அடையாள அட்டை ஆகிய எதையும் இளைஞர்கள் தூக்கி எறிந்துவிடக் கூடாது.