சஹர் நேரத்தில் சிலிண்டர் மாற்றும்போது



சஹர் சமையலின் நடுவே கேஸ் தீர்ந்துவிட்டால் பதற்றம்தான். பாங்குக்கு அரை மணி நேரமே இருக்கும். கண்ணில் தூக்கம். மழைக்கும் கொசுவுக்கும் பயந்து ஜன்னல்கள் சாத்தியிருக்கும். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் உம்மாதான் சிலிண்டரை மாற்ற வேண்டும்.

முதலில் அடுப்பின் திருகுகளையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். விறகடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது. பிறகு பின்வாசல் கதவைத் திறந்து வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு பரவித் தேங்கும். உயரத்தில் உள்ள ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது.

புதிய சிலிண்டரின் மூடியைக் கழற்றியதும் வால்வுக்குள் பாருங்கள். சிறிய கறுப்பு ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். அது இல்லாமலோ கிழிந்தோ இருந்தால் ரெகுலேட்டரை மாட்டவே கூடாது. பழைய சிலிண்டரின் வாஷரை ஊசியால் குத்தி எடுத்துப் போடும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. குத்துப்பட்ட வாஷர் வழியாகவே கேஸ் கசியும். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு விடிந்ததும் ஏஜென்சிக்குச் சொல்லுங்கள். அன்றைய சஹரைப் பேரீச்சம்பழத்தோடு முடித்துக்கொள்ளலாம். சிலிண்டர் வீட்டுக்கு வரும்போதே, கொண்டுவருபவரிடம் மூடியைத் திறந்து சோதித்துக் காட்டச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை.

ரெகுலேட்டர் மூடிய நிலையில் இருக்கட்டும். அடியிலுள்ள வளையத்தைத் தூக்கிப் பிடித்து, வால்வின் மேல் நேராக அழுத்தி, வளையத்தை விடுங்கள். சரியாகப் பிடித்தால் இழுத்தாலும் வராது. ரெகுலேட்டரைத் திறந்ததும், சோப்புத் தண்ணீரை வால்வின் மீதும் டியூபின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கிழித்துச் சோதிப்பது வேண்டவே வேண்டாம்.

டியூபையும் கவனியுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை, பார்க்க நன்றாக இருந்தாலும் 5 ஆண்டுகளில் மாற்றிவிட வேண்டும். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். நடுவில் ஒட்டுப்போடுவதும், அழகுக்காக உறை மாட்டுவதும் தவறு. உறைக்குள் விழும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரமான மேடையில் இருக்க வேண்டும்.

கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடுவது மட்டுமல்ல, அணைப்பதும் ஆபத்துதான். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே கதை. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்கு மூடி போட்டு, கதவுகளைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வாருங்கள். முற்றத்தில் நின்று 1906-க்கு அழையுங்கள். கேஸ் கசிவுக்கான அந்த எண் இரவிலும் இயங்கும்.