பிளக்கின் முகத்தில் எஞ்சினின் கதை

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்களுக்கு ஸ்பார்க் பிளக்கை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பொருளாதாரத் தடையினால் பெற்றோல் மருந்துபோல் அரிதாகிவிட்ட அந்நாட்களில், எமது மோட்டார் சைக்கிள்களும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயிலே ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அதற்குத் தண்டனையாகப் பிளக்கிலே கரி படியும். வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, அரத்தாளால் உரசிப் பூட்டிக்கொண்டு புறப்படுவது அன்று சாதாரண காட்சி.

அந்தக் கைப்பழக்கம் கடல் கடந்தபின் எங்கே போயிற்று என்று நாம் எண்ணுவதுண்டு. அதற்கு விடைபோல் அமைந்தது, சென்ற ஐப்பசியில் மொன்றியலில் நாம் கண்ட ஒரு சம்பவம்.

எமது அயலவர் ஒருவர் ஊரிலே வாடகைக் கார் ஓட்டியவர். இங்கே பழைய நான்கு சிலிண்டர் பிக்கப் வாகனமொன்றில் அதிகாலையில் மரக்கறிப் பெட்டிகளைக் கடைகளுக்கு ஏற்றிச் செல்கிறார். குடும்பத்தின் அடுப்பு எரிவது அந்த வாகனத்தினால்தான். அது திடீரெனத் திக்கித் திணறத் தொடங்கியது. ‘செக் எஞ்சின்’ விளக்கும் எரிந்தது. அவர் காட்டிய இடத்தில் எஞ்சினையே மாற்றவேண்டும் என்று கூறிவிட்டார்கள். “மாஸ்ரர், எஞ்சின் முடிஞ்சுதாம். மாரிக்கு முதல் நான் என்ன செய்யிறது?” என்று எம்மிடம் வந்து நின்றார். பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டோம். “இது கொம்பியூட்டர் எஞ்சின், தொடப் பயமாக் கிடக்கு” என்றார். மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனிதர் அவர்!

மறுநாள் சனிக்கிழமை. வீட்டுக்காரரின் சம்மதத்துடன் வீட்டின் பின்னால் வேலை தொடங்கியது. வாகனக் கைநூல் பிரெஞ்சு மொழியில் இருந்தது. செஜெப் கல்லூரியில் பயிலும் அவரது மகள் அதை வாசித்துத் தமிழில் சொன்னாள். “அப்பா, இதிலே மெழுகுதிரி என்று போட்டிருக்கு” என்று சிரித்தாள். பிரெஞ்சு மொழியில் மெழுகுதிரிக்கும் ஸ்பார்க் பிளக்குக்கும் ‘பூஜி’ என்ற ஒரே சொல்தான். மெழுகு ஏற்றுமதிக்குப் பேர்போன அல்ஜீரியத் துறைமுக நகரொன்றின் பெயரிலிருந்து அச்சொல் பிறந்தது. பாகக் கடைக்குச் செல்லும் எம்மவர் இதை நினைவிற் கொள்க.

முதல் விதி: எஞ்சின் முற்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான அலுமினியத் தலையிலிருந்து பிளக்கைத் திருகினால் புரி கெட்டுவிடும். இரண்டாம் விதி: பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். மூன்றாம் விதி: ஒவ்வொன்றாகவே கழற்றி மாற்ற வேண்டும். தற்கால எஞ்சின்களிற் பெரும்பாலும் ஒவ்வொரு பிளக்கின் மேலும் ஒரு மின்சுருள் அமர்ந்திருக்கும். 12 வோல்ற் மின்சாரத்தை 20,000 வோல்ற்றுக்கும் மேலாக உயர்த்துவது அதுவே. ஆணியைக் கழற்றி, இறப்பர் உறையை மெல்லத் திருப்பியபின் மேலே இழுக்கலாம்.

மூன்றாவது சுருளைத் தூக்கியபோது அது எண்ணெயில் தோய்ந்திருந்தது. அயலவரின் முகம் கறுத்தது. குழியிலே தேங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றியெடுக்கச் சொன்னோம். அப்படியே பிளக்கைக் கழற்றினால் அவ்வளவும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். துடைத்தபின் அவர் பிளக்கைக் கழற்றி வெளிச்சத்திற் பிடித்தார்.

வைத்தியர் நோயாளியின் நாக்கைப் பார்ப்பதுபோல் பிளக்கின் நுனியைப் பார்க்கவேண்டும். வெளிர் பழுப்பு நிறமாயின் எஞ்சின் நலம். உலர்ந்த கரியாயின் எரிபொருள் மிகை. வெண்மையாகிக் கொப்புளித்திருந்தால் அதிக சூடு. நுனி எண்ணெயில் நனைந்திருந்தால் பிஸ்ரன் வளையமோ வால்வின் அடைப்போ தேய்ந்திருக்கலாம், அதுவே பெருஞ்செலவு. அயலவரின் நான்கு பிளக்குகளின் நுனிகளும் வெளிர் பழுப்பாகவே இருந்தன. எண்ணெய் வெளியில் மட்டுமே! வால்வு மூடியின் கீழுள்ள இறப்பர் அடைப்புப் பழுதாகி எண்ணெய் குழிக்குள் கசிந்திருக்கிறது. தோய்ந்த உறையினூடாக மின்சாரம் வழிதவறியிருக்கிறது. “எஞ்சின் சாகேல்லை, மாஸ்ரர்” என்றார் அவர். அந்தக் குரலை நாம் ஊரிலே கேட்டிருக்கிறோம்.

புதிய பிளக்கை ஆயுதத்தால் தொடங்கக்கூடாது. விரல்களால் திருக வேண்டும். இறுகினால் நிறுத்தி, மீண்டும் தொடங்க வேண்டும். நாம் முன்பொருமுறை அவசரப்பட்டுப் புரியைச் சிதைத்து, மிச்சம்பிடித்த பணத்தைப்போல் பன்மடங்கு கொடுத்தோம். கை இறுக்கத்தின் பின், வளையமுள்ள புதுப் பிளக்குக்கு ஏறத்தாழ அரைச் சுற்றுப் போதும். வளையமற்ற கூம்பு வகைக்குச் சுற்றில் பதினாறில் ஒரு பங்கே போதும். இடைவெளி, இறுக்கம் பற்றி ஐயமேற்படின் கைநூலின் சொல்லே இறுதியானது.

எல்லா வாகனத்திலும் கை வைக்கலாமென நாம் கூறவில்லை. 2004 முதல் 2008 வரை வெளிவந்த போர்ட் எப்-150 பிக்கப்புகளில், 5.4 லிற்றர் மூவால்வு எஞ்சினுக்குப் பிளக்குகள் உள்ளேயே உடைந்துபோகும் கெட்ட பெயர் உண்டு. அதை அனுபவமுள்ளவரிடம் விடுவதே புத்தி. ‘செக் எஞ்சின்’ விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டவும் கூடாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயிலுள்ள விலையுயர்ந்த கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரைக் கெடுத்துவிடும்.

அன்று மாலை பிக்கப் முதல் முயற்சியிலேயே உயிர்பெற்றது. இறப்பர் அடைப்பை மறுவாரம் வேறொரு கராஜில் மாற்றினார்கள். எஞ்சினுக்குக் கேட்ட பணத்தில் அது சிறு பங்கே. தை மாதக் குளிர் பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையைத் தாண்டிய காலைகளிலும் மரக்கறிப் பெட்டிகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

பழைய பிளக்குகளில் ஒன்றை அயலவர் எறியவில்லை. மகளின் உள்ளங்கையில் வைத்து, நிறத்தைக் காட்டி, ஊரிலே கரி படிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எம் பிள்ளைகள் இந்நாட்டு மொழியை எமக்கு வாசித்துத் தருகிறார்கள். எம் கைகள் அறிந்ததை நாமும் அவர்களுக்குக் கொடுப்போம்.